வரைபடம் எந்தக் கால்பகுதிகளில் செல்கிறது? நான்கு வழிகளில் எதை முதலில் எடுப்பது?

ஒரு சார்பைக் கொடுத்து, "இதன் வரைபடம் எந்தெந்தக் கால்பகுதிகள் வழியாகச் செல்கிறது? எந்த அச்சை எங்கே வெட்டுகிறது?" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் உடனே வரைபடத்தாளை எடுக்கிறார்கள். கைப்பேசி பக்கத்தில் இருந்தால் அதை எடுக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை காண நான்கு வழிகள் உண்டு: மதிப்பு அட்டவணை போட்டுப் புள்ளிகளைக் குறிப்பது, வெட்டுப்புள்ளிகளை வைத்துக் குறிகளை ஆராய்வது, ஏற்கெனவே தெரிந்த ஒரு வரைபடத்தை நகர்த்திப் பார்ப்பது, மென்பொருளிடம் கொடுத்துவிடுவது. பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவரும் கற்பிப்பவரும் இவற்றுள் எதை முதல் வழியாக வைத்துக்கொள்ளலாம் என்பதே இங்கே பேச்சு. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: குறி ஆய்வு. மற்ற மூன்றுக்கும் உரிய இடம் உண்டு. அந்த இடத்தைத் தாண்டி அவற்றை நம்பினால் விடை தவறிப்போகும்.

முதலில், கேள்வி உண்மையில் எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். இரண்டு அச்சுகளும் தளத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கின்றன. முதல் கால்பகுதியில் எக்ஸ், ஒய் இரண்டும் மிகை. இரண்டாவதில் எக்ஸ் குறை, ஒய் மிகை. மூன்றாவதில் இரண்டும் குறை. நான்காவதில் எக்ஸ் மிகை, ஒய் குறை. வளைவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது, எவ்வளவு உயரம் போகிறது என்பவற்றுக்கு இந்தக் கேள்வியில் வேலையே இல்லை. இரண்டு குறிகள் தெரிந்தால் போதும். அச்சுகளின் மேல் இருக்கும் புள்ளிகள் எந்தக் கால்பகுதியையும் சேர்ந்தவை அல்ல. (5, 0) என்பது முதலாவதிலும் இல்லை, நான்காவதிலும் இல்லை. ஒய் = எக்ஸ்² என்பதன் வரைபடம் முதல் இரண்டு கால்பகுதிகளில் சென்று, ஆதிப்புள்ளியில் எக்ஸ் அச்சைத் தொடுகிறது. கீழே இறங்குவதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சார்பு என்றாலே ஓர் எக்ஸ் மதிப்புக்கு ஒரே ஒரு ஒய் மதிப்புதான். ஆகவே வரைபடம் ஒய் அச்சை அதிகபட்சம் ஒருமுறைதான் சந்திக்கும்; சில சார்புகள் சந்திக்கவே சந்திக்காது. எக்ஸ் அச்சுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. சைன் சார்பு அதை முடிவின்றி வெட்டிக்கொண்டே போகிறது.

அட்டவணையும் வரைபடத்தாளும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவு என்று அங்கே ஒவ்வொன்றையும் செய்து காட்டியாக வேண்டும். அந்த வினாக்களில் மூலங்கள் (ஒய் பூச்சியமாகும் எக்ஸ் மதிப்புகள்) பெரும்பாலும் முழு எண்களாக வரும்படி சமன்பாடு அமைந்திருக்கும். அதனால் −4 முதல் 4 வரை மதிப்புகளைப் பிரதியிட்டால் வளைவு எங்கே அச்சை வெட்டுகிறது என்பது அட்டவணையிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த வசதி ஒரு தவறான நம்பிக்கையை வளர்க்கிறது: முழு எண்களில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை.

இந்தச் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒய் = 25எக்ஸ்² − 25எக்ஸ் + 6. எக்ஸுக்கு −2, −1, 0, 1, 2, 3 என்று பிரதியிட்டால் ஒய் மதிப்புகள் முறையே 156, 56, 6, 6, 56, 156. எல்லாமே மிகை. எந்த முழு எண்ணைப் போட்டாலும் மிகைதான் வரும். அழகான, சமச்சீரான பரவளையம். முதல் இரண்டு கால்பகுதிகள், எக்ஸ் அச்சைத் தொடவே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இந்தக் கோவை (5எக்ஸ் − 2)(5எக்ஸ் − 3) என்று காரணிப்படுகிறது. 0.4, 0.6 ஆகிய இரண்டு இடங்களில் வரைபடம் எக்ஸ் அச்சை வெட்டுகிறது. இடையில் உள்ள சிறு துண்டு நான்காம் கால்பகுதியில் இருக்கிறது. எக்ஸ் 0.5 ஆகும்போது ஒய் −0.25. அதுவே வளைவின் அடிமுனை.

வரைபடத்தாளில் பார்த்தால் இது கண்டுபிடிபடுமா? ஒய் அச்சில் 156 வரை காட்ட வேண்டும் என்பதால் 1 செ.மீ. = 20 அலகுகள் என்று அளவுத்திட்டம் எடுப்போம். அந்த அளவில் 0.25 அலகு என்பது 0.125 மி.மீ. எக்ஸ் அச்சைக் குறிக்கும் பென்சில் கோடே அதைவிடத் தடிமனாக இருக்கும். நீங்கள் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அந்த நான்காம் கால்பகுதித் துண்டு கோட்டின் தடிமனுக்குள் மறைந்துபோகும். வரைபவரின் கைத்திறனில் குறை ஒன்றுமில்லை. அட்டவணை என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த புள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசும்; இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை நாம் ஊகித்துத்தான் இணைக்கிறோம்.

குறி ஆய்வு

முறை இதுதான். சார்பு எந்த எக்ஸ் மதிப்புகளுக்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ் = 0 என்று போட்டு ஒய் வெட்டுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். ஒய் = 0 என்று போட்டு எக்ஸ் வெட்டுப்புள்ளிகளைக் கண்டுபிடியுங்கள். ஒரு எண்கோட்டில் அந்த எக்ஸ் வெட்டுப்புள்ளிகளையும், சார்பு வரையறுக்கப்படாத இடங்களையும், பூச்சியத்தையும் குறியுங்கள். அவை எண்கோட்டைச் சில இடைவெளிகளாகப் பிரிக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஏதாவது ஓர் எண்ணைப் பிரதியிட்டு ஒய் மிகையா குறையா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

பூச்சியத்தைக் குறிப்பதுதான் இதில் அதிகம் விட்டுப்போகும் படி. அசமன்பாடுகளைத் தீர்க்கும்போது போடும் குறி அட்டவணையில் மூலங்கள் மட்டும் போதும். கால்பகுதிக் கேள்விக்கு அது போதாது. ஒய் அச்சைத் தாண்டும்போது ஒய்யின் குறி மாறாமல் இருக்கலாம். ஆனால் எக்ஸின் குறி மாறிவிடுகிறது, கால்பகுதியும் மாறிவிடுகிறது. ஆகவே பூச்சியம் மூலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்கோட்டில் அதற்கு ஓர் இடம் கட்டாயம் உண்டு.

ஒய் = எக்ஸ்³ − 3எக்ஸ்² − எக்ஸ் + 3 என்பதைப் பார்ப்போம். இது (எக்ஸ் + 1)(எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்று பிரிகிறது. எக்ஸ் வெட்டுப்புள்ளிகள் −1, 1, 3. ஒய் வெட்டுப்புள்ளி 3. எண்கோட்டில் −1, 0, 1, 3 ஆகிய நான்கு எண்களைக் குறித்தால் ஐந்து இடைவெளிகள் கிடைக்கும். −1-க்கு இடப்பக்கம் ஒய் குறை, எனவே மூன்றாம் கால்பகுதி. −1-க்கும் 0-க்கும் இடையில் மிகை, இரண்டாவது. 0-க்கும் 1-க்கும் இடையில் அதே மிகைதான், ஆனால் இப்போது முதலாவது. 1-க்கும் 3-க்கும் இடையில் குறை, நான்காவது. 3-க்கு அப்பால் மறுபடி முதலாவது. நான்கு கால்பகுதிகளிலும் செல்கிறது. பூச்சியத்தை விட்டிருந்தால் −1 முதல் 1 வரை ஒரே இடைவெளியாகிவிடும். அதில் எந்த எண்ணைப் பிரதியிட்டீர்களோ அதைப் பொறுத்து ஒரு கால்பகுதி கணக்கிலிருந்து தவறிவிடக்கூடும்.

மூலத்தைத் தாண்டினால் குறி மாறியே தீரும் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி எழுதுவதும் ஆபத்து. ஒய் = (எக்ஸ் + 1)(எக்ஸ் − 2)² என்பதில் 2 என்பது இருமுறை வரும் மூலம். அந்த இடத்தில் வரைபடம் எக்ஸ் அச்சைத் தொட்டுவிட்டு மேலேயே திரும்பிவிடுகிறது. ஆகவே இது மூன்று, இரண்டு, ஒன்று ஆகிய கால்பகுதிகளில் மட்டுமே செல்கிறது. நான்காவதில் கால் வைப்பதில்லை. காரணி இரட்டைப்படை அடுக்கில் இருந்தால் குறி மாறாது, ஒற்றைப்படை அடுக்கில் இருந்தால் மாறும்.

விகிதமுறு சார்புகளில் இந்த வழி இன்னும் நன்றாகக் கைகொடுக்கிறது. ஒய் = (எக்ஸ் − 1)/(எக்ஸ் − 2) என்று கொள்வோம். 2-இல் சார்பு வரையறுக்கப்படவில்லை. அங்கே செங்குத்தான தொலைத்தொடுகோடு (வளைவு நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடாத கோடு) இருக்கிறது. 0, 1, 2 ஆகியவற்றை எண்கோட்டில் குறித்து ஆராய்ந்தால் இரண்டாவது, முதலாவது, நான்காவது, மறுபடி முதலாவது என்று வருகிறது. மூன்றாவதில் இல்லை. வெட்டுப்புள்ளிகள் (1, 0), (0, 1/2). 2-ஐக் குறிக்காமல் விட்டிருந்தால் 1-க்கு அப்பால் முழுவதும் ஒரே குறி என்று நினைத்திருப்போம்.

இந்த வழியை நான் முதலிடத்தில் வைப்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. வெட்டுப்புள்ளிகளைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாதபோதும் கால்பகுதிகளைச் சொல்லிவிட முடியும். ஒய் = எக்ஸ்⁵ − 3எக்ஸ் + 1 என்பதற்கு முழு எண் மூலம் ஒன்றுகூட இல்லை. காரணிப்படுத்த உட்கார்ந்தால் நேரம்தான் போகும். ஆனால் −2-இல் ஒய் −25, மூன்றாம் கால்பகுதி. −1-இல் 3, இரண்டாவது. 1-இல் −1, நான்காவது. 2-இல் 27, முதலாவது. நான்கு பிரதியிடல்களில் நான்கு கால்பகுதிகளும் உறுதியாகிவிட்டன. 0-இல் ஒய் 1. பல்லுறுப்புக்கோவை தொடர்ச்சியானது என்பதால் இடைமதிப்புத் தேற்றப்படி (இரண்டு இடங்களில் ஒய்யின் குறி வேறுபட்டால் நடுவே எங்கோ அது பூச்சியமாகும் என்பது) −2-க்கும் −1-க்கும் இடையில் ஒரு வெட்டுப்புள்ளி, 0-க்கும் 1-க்கும் இடையில் ஒன்று, 1-க்கும் 2-க்கும் இடையில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அவை எங்கே என்று தசமத்தில் தெரியாவிட்டாலும் ஒய் அச்சின் எந்தப் பக்கத்தில் எத்தனை என்பதை இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிறது. கால்பகுதி 'உண்டு' என்று காட்ட ஒரு புள்ளி போதும். 'இல்லை' என்று சொல்லத்தான் முழு இடைவெளியையும் ஆராய வேண்டியிருக்கிறது. அட்டவணை முறை சறுக்குவது இந்த இரண்டாவது வேலையில்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் சமன்பாட்டியல் பாடத்தில் வரும் டெகார்ட்டே விதி இங்கே துணைக்கு வரும். பிரான்சு நாட்டின் ரெனே டெகார்ட்டே 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலேயே இந்த விதி இருக்கிறது. கெழுக்களை (எக்ஸின் அடுக்குகளோடு பெருகும் எண்களை) வரிசையாக எழுதி, குறி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணினால், மிகை மூலங்களின் எண்ணிக்கை அதற்குச் சமமாகவோ அதைவிட ஓர் இரட்டை எண் குறைவாகவோ இருக்கும். எக்ஸுக்குப் பதில் −எக்ஸ் போட்டு எண்ணினால் குறை மூலங்களுக்கு இதே கணக்கு. மேலே பார்த்த ஐந்துபடிச் சார்பில் மிகைப் பக்கம் இரண்டு குறி மாற்றங்கள், குறைப் பக்கம் ஒன்று. ஆகவே நாம் கண்ட மூன்று வெட்டுப்புள்ளிகளுக்கு மேல் வேறு இல்லை என்பதும் உறுதியாகிவிடுகிறது.

எளிய சார்புகளுக்கு எண்கோடுகூட வேண்டாம். நேர்க்கோட்டுக்குச் சாய்வின் குறியும் ஒய் வெட்டுத்துண்டின் குறியும் தெரிந்தால் போதும். ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல் இரண்டு அச்சுகளையும் வெட்டும் கோடு சரியாக மூன்று கால்பகுதிகளில் செல்லும். எந்தக் கால்பகுதி விடுபடும் என்று அறிய ஓர் அழகான வழி உண்டு: இரண்டு வெட்டுப்புள்ளிகளையும் இணைக்கும் துண்டு எந்தக் கால்பகுதியில் இருக்கிறதோ, அதற்கு எதிர்க் கால்பகுதிதான் விடுபடுவது. (3, 0), (0, 2) வழியாகச் செல்லும் கோட்டுக்கு அந்தத் துண்டு முதலாவதில் இருக்கிறது. எனவே மூன்றாவது விடுபடும்.

இருபடிச் சார்புக்கும் மூலங்களைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை. எக்ஸ்² கெழு மிகை என்றால் முதல் இரண்டு கால்பகுதிகள் நிச்சயம். மாறிலி உறுப்பு குறை என்றால் ஒரு மூலம் மிகை, ஒன்று குறை. ஆகவே நான்கிலும் செல்லும். மாறிலி மிகை என்றால் தன்மைகாட்டியை (எக்ஸ் கெழுவின் வர்க்கத்திலிருந்து 4 × எக்ஸ்² கெழு × மாறிலியைக் கழித்து வருவது) பாருங்கள். அது பூச்சியமாகவோ குறையாகவோ இருந்தால் கீழே எந்தக் கால்பகுதியும் இல்லை. மிகையாக இருந்தால் எக்ஸின் கெழு குறையாகும்போது நான்காவதும், மிகையாகும்போது மூன்றாவதும் சேரும். முன்னே பார்த்த 25எக்ஸ்² − 25எக்ஸ் + 6 என்பதன் தன்மைகாட்டி 625 − 600 = 25. எக்ஸின் கெழு குறை. எனவே நான்காம் கால்பகுதி உண்டு. வரைபடத்தாளால் காட்ட முடியாததை ஒரு கழித்தல் காட்டிவிட்டது.

தெரிந்த வரைபடத்தை நகர்த்துவது

அடுக்குக்குறிச் சார்பு, மடக்கைச் சார்பு, மட்டுச் சார்பு, வர்க்கமூலச் சார்பு ஆகியவற்றுக்கு இந்த வழி குறி ஆய்வைவிட வேகமானது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒய் = 2^எக்ஸ் என்பது முதல் இரண்டு கால்பகுதிகளில் சென்று (0, 1)-இல் ஒய் அச்சை வெட்டுகிறது, எக்ஸ் அச்சை நெருங்குகிறதே தவிர தொடுவதில்லை. இது மனத்தில் இருந்தால் ஒய் = 2^எக்ஸ் − 4 என்பதை அப்படியே நான்கு அலகு கீழே இறக்கிப் பார்க்கலாம். (0, −3), (2, 0) வெட்டுப்புள்ளிகள். மூன்றாவது, நான்காவது, முதலாவது கால்பகுதிகள்.

மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில்தான் இந்த வழியின் அருமை தெரியும். "ஒய் = 2^எக்ஸ் + க என்பதன் வரைபடம் இரண்டாம் கால்பகுதி வழியாகச் செல்லாமல் இருக்க க எப்படி இருக்க வேண்டும்?" வளைவைக் கீழே இறக்கிக்கொண்டே வருகிறோம். ஒய் அச்சுக்கு இடப்பக்கம் இருக்கும் பகுதி முழுவதும் எக்ஸ் அச்சுக்குக் கீழே போக வேண்டும். க = −1 ஆகும்போது வளைவு ஆதிப்புள்ளி வழியாகச் செல்கிறது; இடப்பக்கப் பகுதி முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆதிப்புள்ளி எந்தக் கால்பகுதியையும் சேராததால் −1-உம் விடையில் சேரும்: க ≤ −1. சமக்குறியை விட்டுவிடுவதுதான் இத்தகைய கேள்விகளில் மதிப்பெண் போகும் இடம். எல்லையில் இருக்கும் மதிப்பைத் தனியே பிரதியிட்டுப் பார்க்காமல் விடை எழுதாதீர்கள்.

வீச்சகம் (ஒய் எடுக்கும் மதிப்புகள்) தெரிந்திருந்தால் அதுவும் இந்த வழியோடு சேர்ந்ததே. ஒய் = சைன் எக்ஸ் + 2 என்பதன் வீச்சகம் 1 முதல் 3 வரை. ஒய் எப்போதும் மிகை. மூன்றாவதும் நான்காவதும் போயிற்று. இந்த வழியின் குறை, அடிப்படை வரைபடங்கள் மனத்தில் இருக்க வேண்டும் என்பது. முப்படி, நாற்படிக் கோவைகளுக்கு இது பெரும்பாலும் உதவாது.

மென்பொருள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா இன்று தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடு பக்கங்களிலேயே இடம்பெற்றிருக்கிறது. டெஸ்மோஸும் இலவசமாகக் கிடைக்கிறது. மாறிலியை நகர்த்தி வளைவு கீழே இறங்குவதை மாணவர் கண்ணால் பார்க்கும்போது, முந்தைய பகுதியில் சொன்னது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கற்பிப்பதற்கு இதைவிட நல்ல கருவி என் பார்வையில் வேறில்லை.

விடை எழுதுவதற்கு அது போதாது. ஒய் = 2 − எக்ஸ்/50 என்பதை −10 முதல் 10 வரையுள்ள சாளரத்தில் பாருங்கள்: கிட்டத்தட்ட கிடைக்கோடு, இரண்டாவதும் முதலாவதும் மட்டுமே தெரியும். உண்மையில் அது (100, 0)-இல் எக்ஸ் அச்சை வெட்டி நான்காவதில் நுழைகிறது. ஒய் = 2^எக்ஸ் என்பதோ இடப்பக்கம் எக்ஸ் அச்சின் மேலேயே படுத்திருப்பது போலத் தோன்றும்; −10-இல் அதன் மதிப்பு ஏறத்தாழ 0.001. திரையை மட்டும் நம்புகிறவர் அச்சைத் தொடுகிறது என்று எழுதிவிடுவார். மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது: ஒய் = (எக்ஸ்² − எக்ஸ்)/எக்ஸ். திரையில் ஒய் = எக்ஸ் − 1 என்ற கோடு (0, −1) வழியாக ஒய் அச்சை வெட்டுவது போலவே தெரியும். ஆனால் எக்ஸ் பூச்சியமாக இருக்க முடியாது. அந்த ஒரு புள்ளி மட்டும் வரைபடத்தில் இல்லை. வரைபடம் ஒய் அச்சைச் சந்திக்கவே இல்லை. மதிப்பகத்தை (சார்பு வரையறுக்கப்பட்டிருக்கும் எக்ஸ் மதிப்புகளை) முதலில் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

எனவே யாருக்கு எது?

பத்தாம் வகுப்பு மாணவர் 8 மதிப்பெண் வினாவுக்கு அட்டவணை போட்டே வரைய வேண்டும். ஆனால் வரையத் தொடங்கும் முன் தன்மைகாட்டியையும் மாறிலியையும் பார்த்து, வளைவு எந்தக் கால்பகுதிகளில் வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். வரைந்தது அதோடு ஒத்துப்போகாவிட்டால் பிரதியிடலில் எங்கோ பிழை இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கோவையும் பின்னமும் வந்தால் குறி ஆய்வு, அடுக்கும் மடக்கையும் வந்தால் நகர்த்தல். நுழைவுத் தேர்வுகளின் பலவுள் தெரிவு வினாக்களுக்கும் இந்த இரண்டுதான். அங்கே வரைய நேரம் இருக்காது. ஆசிரியருக்கு மென்பொருள், ஆனால் குறி அட்டவணையைக் கரும்பலகையில் போட்ட பிறகு. முதலில் படத்தைக் காட்டிவிட்டால் மாணவர் படத்தைப் பார்த்துத்தான் அட்டவணையை நிரப்புவார்.

சார்பு சமன்பாடாக மட்டும் வராமல் ஒரு சூழலோடு வந்தால், எந்த வழியை எடுத்தாலும் சூழலைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தின் நேரத்தையும் தொலைவையும் இணைப்பது ஒய் = 50எக்ஸ். சமன்பாடாகப் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும். ஆனால் புறப்பட்ட கணத்திலிருந்து நேரத்தை அளக்கிறோம். எக்ஸ் குறை மதிப்பு எடுக்காது. அங்கே விடை முதல் கால்பகுதி மட்டும். இரண்டு அச்சுகளையும் சந்திப்பது ஆதிப்புள்ளியில்.